முதல் நாள் அந்தக் கூட்டத்துக்குப் போனது: அவரவர் அனுபவம்

திருச்சி, குடிக்காமல் 4 வருடம்

"ஏஏ கூட்டத்துக்குப் போகணும், ஆனா உள்ளே என்ன நடக்கும்னு தெரியாம பயமா இருக்கு" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருக்காக எழுதுகிறேன். ஏஏ என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு.

எனக்குக் கிடைத்த முகவரி ஒரு பள்ளிக்கூடம். இரவு 7 மணி. கேட்டில் வாட்ச்மேன் "யாரைப் பார்க்கணும்?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாடில கடைசி ரூம், போங்க சார்" என்றார். அந்த 'சார்' எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்போது என்னை அப்படிக் கூப்பிட ஊரில் யாரும் இல்லை.

ஐந்தாம் வகுப்பு பெஞ்சு. முட்டி இடித்தது. கரும்பலகையில் பிள்ளைகளின் கணக்கு அழிக்காமல் இருந்தது. பதினைந்து பேர் இருப்பார்கள். நோட்டில் கையெழுத்து வாங்கவில்லை, முழுப்பெயர் கேட்கவில்லை, கட்டணமும் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வந்தது, இஷ்டப்பட்டவர்கள் பத்தோ இருபதோ போட்டார்கள். "முதல் தடவை வர்றவங்க போட வேண்டாம்ணே" என்று பக்கத்தில் இருந்தவர் என் கையைத் தடுத்தார். வாடகை, டீச் செலவு எல்லாம் உறுப்பினர்கள் போடும் காசில்தான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை.

ஒருவர் எழுந்து பேர் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தார். பல் விளக்குவதற்கு முன்னால் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும், கடை திறக்கப் பகல் 12 ஆகும் என்பதால் ராத்திரியே வாங்கித் துணி பீரோவுக்குள் ஒளித்து வைப்பேன் என்றார். நான் அரிசி டிரம்முக்குள் வைப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். உலகத்தில் நான் ஒருத்தன்தான் இப்படிக் கேவலமாக இருக்கிறேன் என்று பத்து வருடம் நினைத்திருந்தேன். மாமனார், ஊர்ப் பெரியவர்கள், டாக்டர் என்று எல்லோரும் புத்தி சொல்லிச் சலித்துப்போன ஆள் நான். அங்கே யாரும் எனக்குப் புத்தி சொல்லவில்லை. தங்கள் கதையை மட்டும் சொன்னார்கள்.

இந்த இயக்கம் தொடங்கியதே அப்படித்தான். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கு வேலையாகப் போன பில் என்பவர், குடியை விட்டுச் சில மாதமே ஆனவர். போன காரியம் கெட்டுப்போய், ஓட்டல் முகப்பில் நின்றபோது குடிக்கும் ஆசை வந்துவிட்டது. பாருக்குள் போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று ஒவ்வொரு இடமாகப் போன் அடித்தார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப், அவரும் குடிநோயாளி. இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஏஏ. தம்பி, உங்களுக்கும் நேரே போகத் தயக்கமாக இருந்தால் முதலில் ஏஏவுக்குப் போன் பண்ணுங்கள். எடுப்பவரும் குடித்து மீண்ட ஆளாகத்தான் இருப்பார். பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிப் போகிறவர்களும் உண்டு.

அங்கே சாமி கும்பிடணுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரார்த்தனை உண்டு. ஆனால் "அவரவர் புரிந்துகொண்டபடி கடவுள்" என்பதுதான் அங்கே பேச்சு. எங்கள் குழுவில் பாய் இருக்கிறார், சாமியே கும்பிடாத ஒருவரும் இருக்கிறார். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தணும் என்ற ஆசை.

பெயர் வேண்டாம், சென்னை

அண்ணன் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் குடிக்கிறவர் கூட்டத்துக்குப் போன வேகத்தில் ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். நான் அப்படித்தான் செய்தேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தேன், நெற்றியில் தையல். சிலருக்குச் சில நாளுக்குள் பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகும். முதலில் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலேயே இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற அரசு உதவி எண்ணில் கேட்கலாம், காசு கிடையாது. ஆஸ்பத்திரி உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கும். வீட்டுக்கு வந்த பிறகு வரும் சாயங்காலங்களுக்குத்தான் கூட்டம்.

மதுரை, ஒரு மனைவி

எங்க வீட்டுக்காரர் இன்னும் குடிக்கிறார். நான் போவது அல்-அனான், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான கூட்டம். "அவர் திருந்தாம நீ போய் என்னடி பண்ணப்போற?" என்று அம்மாவே கேட்டார்.

அதுவரை பாட்டிலைத் தேடித்தேடிக் கொட்டுவேன். அவர் எழுந்திருக்காத நாளில் ஆபீசுக்குப் போன் போட்டு "காய்ச்சல்" என்பேன். முதல் கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார்: "அவர் குடிக்கிறதுக்கு நீ காரணம் இல்ல. உன்னால அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது." அன்று அழுதது போல நான் எங்கேயும் அழுததில்லை. இப்போது பொய்ப் போன் செய்வதில்லை. பிள்ளைகள் ராத்திரி 9 மணிக்குத் தூங்குகிறார்கள், நானும் தூங்குகிறேன்.

கோவை, 11 மாதம்

நான் பெண். குடித்தது நான்தான். போன முதல் குழுவில் நான் ஒருத்திதான் பெண், எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனாலும் வாய் திறக்க முடியவில்லை. மறுபடி போகவே இல்லை, திரும்பக் குடித்தேன். பிறகு பெண்களுக்கான ஆன்லைன் கூட்டம் கிடைத்தது. கேமராவை அணைத்து வைத்து மூன்று வாரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான்காவது வாரம் பேர் சொன்னேன். ஒரு குழு ஒத்துவரவில்லை என்றால் இன்னொன்றைத் தேடுங்கள். யாராவது பெண்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் இங்கேயே கேளுங்கள், எந்த நாள் எத்தனை மணிக்கு என்று சொல்கிறேன்.