படைமிகையா, படைக்கழிவா? இரவுநோக்கிக் கையேட்டுக்குச் சொல் வேண்டும்

மடல் 1 | மொழிபெயர்ப்பாளர்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இரவில் காட்டுயிரும் வானமும் பார்ப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். படைத்துறையிலிருந்து வெளியே வரும் 'நைட் விஷன்' கருவிகளை வெளிநாட்டுச் சந்தையில் வாங்கப் போகிறவர் எதைச் சோதிக்க வேண்டும், எதில் ஏமாறக் கூடாது, எல்லை தாண்டும்போது எந்தச் சட்டம் குறுக்கே வரும் என்பதெல்லாம் அதில் வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கருவியின் பெயருக்கே நான்கு சொல் வைத்துக்கொண்டு தவிக்கிறேன்: இரவுநோக்கி, இருள்நோக்கி, இராப்பார்வைக் கருவி, இரவுக்காட்சிக் கருவி. அதன் உள்ளே இருந்து சொற்ப ஒளியைப் பெருக்கிக் காட்டும் 'இமேஜ் இன்டென்சிஃபயர் டியூப்' இன்னொரு சிக்கல். எல்லாவற்றையும்விட என்னைப் படுத்துவது 'மிலிட்டரி சர்ப்ளஸ்', அதாவது படை தனக்கு வேண்டாமென்று வெளியே விடும் சரக்கு. 'இராணுவ உபரி' என்று போட்டால் வாசகர் தானியக் கிடங்கை நினைத்துக்கொள்வாரோ என்று தோன்றுகிறது. கை கொடுங்கள்.

மடல் 2 | இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு)

வணக்கம். பெயர் வைக்குமுன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். சந்தையில் 'நைட் விஷன்' என்று ஒரே பெயரில் விற்கப்படுபவை மூன்று வேறு கருவிகள். முதலாவது, தானே அகச்சிவப்பு விளக்கடித்து அந்த ஒளியில் பார்ப்பது. 1945-இல் செருமானியர் துப்பாக்கியில் பூட்டிய 'வம்பீர்', அதே ஆண்டு ஒகினாவாவில் அமெரிக்கர் பயன்படுத்திய கருவி, இரண்டும் இந்த வகை. எதிரியிடமும் அதே கருவி இருந்தால் விளக்குப் பிடித்தவனே முதலில் அகப்படுவான். இரண்டாவது, விண்மீன் வெளிச்சம் போன்ற சொற்ப ஒளியை வாங்கிப் பெருக்குவது. வியட்நாம் போரில் 'ஸ்டார்லைட் ஸ்கோப்' என்று பேர் வாங்கிய பிவிஎஸ்-2 இதன் முதல் தலைமுறை. மூன்றாவது வெப்பத்தைப் படமாக்குவது. அதற்கு வெளியிலிருந்து ஒளியே வேண்டாம்.

ஆகவே 'இரவுநோக்கி' மூன்றுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும். கையேடு பேசுவது இரண்டாவதைப் பற்றி. அதற்கு 'ஒளிபெருக்கி நோக்கி' என்று தனிப்பெயர் வேண்டும். இந்தப் பிரிவு இல்லாவிட்டால் வாங்குபவர் விளக்கடிக்கும் பழைய பொருளுக்கு ஒளிபெருக்கியின் விலை கொடுத்துவிட்டு வருவார்.

மடல் 3 | தமிழ்ப் பேராசிரியர்

அன்பருக்கு. ஐயா பிரித்த விதம் நன்று. ஆனால் 'இரவுநோக்கி' என்பதில் எனக்கு மனநிறைவில்லை. தொலைநோக்கி தொலைவில் உள்ளதை நோக்குகிறது, நுண்ணோக்கி நுண்ணியதை நோக்குகிறது. அந்த வாய்பாட்டில் இரவுநோக்கி இரவை நோக்குவதாகும். இரவை நோக்கக் கருவி எதற்கு? இரவில் கண்ணாவது இது. 'கண்' என்றே முடியட்டும்.

இரவுக்குத் தமிழில் 'அல்' என்ற பழஞ்சொல் உண்டு. எல் பகல், அல் இரவு. அல்லும் பகலும் என்று இன்றும் வழங்குகிறோம். இரவில் மலர்வதால்தான் அல்லிக்கு அப்பெயர் என்பது என் துணிபு. 'அல்கல்' என்றால் தங்குதல், அதுவே இரவுக்கும் ஆகிவந்தது, ஏனெனில் பொழுது சாய்ந்தால் தங்கத்தானே வேண்டும். ஆனால் 'எல்லி' என்பதோ இரவையும் குறிக்கும். எல்லும் அல்லும் ஒரே வேரின் இரு கிளைகளா, ஒளி அடங்கும் வேளைக்கு ஒளியின் பெயரே ஏறியதா என்பது விரிவாக ஆராயத்தக்கது. தனி மடலில் எழுதுகிறேன். இப்போதைக்கு: அல் + கண் = அற்கண். கல் + கண்டு கற்கண்டு ஆனதுபோல. நான்கெழுத்து, முழுத் தமிழ், வினையும் ஏற்கும். 'நோக்கி' வேண்டும் என்பவர்கள் அல் + நோக்கி = அன்னோக்கி என்று சொல்லலாம், நல் + நூல் நன்னூல் ஆனதுபோல.

மடல் 4 | காட்டுயிர் ஆர்வலர்

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அற்கண் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் யாரோடு சேர்ந்து இரவில் காட்டுக்குப் போகிறேனோ அவர்களில் ஒருவருக்கும் விளக்காமல் புரியாது. 'அற்ற கண்' என்று எடுத்துக்கொண்டால் குருடு என்றே பொருள்படும். அன்னோக்கியில் இரவு எங்கே இருக்கிறது என்று நன்னூல் படித்தவர் மட்டுமே கண்டுபிடிப்பார். இரவுநோக்கி போதும். சொன்னவுடன் தெரிகிறது.

எனக்கு முக்கியம் 'சர்ப்ளஸ்'தான், அங்கேதான் பணம் போகிறது. நான் வெளிநாட்டுச் சந்தைகளில் இந்தப் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லின் கீழே குறைந்தது நான்கு வகைச் சரக்கு கிடக்கிறது. படைக்கென்று செய்து, தேவைக்கு மேற்பட்டதால் பெட்டி பிரிக்காமல் வெளியே வந்தது ஒன்று. பல ஆண்டு ஓடித் தேய்ந்து கழிக்கப்பட்டது இன்னொன்று. வேறொரு கருவியிலிருந்து குழலை மட்டும் கழற்றிப் புதுக்கூட்டில் போட்டது மூன்றாவது. நான்காவது, எண் பொறித்த தகடு சுரண்டப்பட்டிருப்பது. அது பெரும்பாலும் களவுபோன அரசுச் சொத்து. அதைக் கையால்கூடத் தொட வேண்டாம் என்பேன்.

இவற்றின் பெறுமதி ஒன்றல்ல. ஒளிபெருக்கிக் குழலுக்கு ஆயுள் மணிக்கணக்கில்: இரண்டாம் தலைமுறைக்குச் சில ஆயிரம் மணி, மூன்றாம் தலைமுறைக்குப் பத்தாயிரம் மணி அளவில் சொல்வார்கள். எத்தனை மணி ஓடியது என்று கருவியின் மேலே எழுதியிருக்காது. அப்படியிருக்க 'உபரி' என்ற ஒரே சொல்லை வைத்தால் கழித்துப் போட்டதையும் புதுச்சரக்காக விற்பவருக்குத் தமிழிலும் வழி திறந்துவிடுகிறோம். ஓடி முடிந்த பேருந்தைக் 'கண்டம்' பண்ணிவிட்டார்கள் என்று சொல்கிறோமே, அந்த வேறுபாடு மக்கள் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. கலைச்சொல் அதை அழிக்கக் கூடாது.

மடல் 5 | ஈழத்துப் பொறியியலாளர்

வணக்கம். நண்பர் சொன்னது மிகச் சரி. எங்கள் பக்கம் இதற்குக் கலைச்சொல்லே தேவைப்படாது. 'பாவித்தது' (பயன்படுத்தியது), 'பாவிக்காதது' என்று கேட்டு வாங்குவோம். 'படையில் பாவித்த கருவி' என்று எழுதினால் எவருக்கும் ஐயம் வராது.

இன்னொரு வேண்டுகோள். உள்ளுறுப்புகளின் பெயரில் எங்கள் பாடநூல் மரபையும் கணக்கில் எடுங்கள். எலக்ட்ரானை இலத்திரன் என்றும், அதை உமிழும் மின்வாயைக் கதோட்டு என்றும் நாங்கள் படித்தோம். 'எதிர்மின்வாய்', 'எதிர்மின்னி' என்று அடுத்தடுத்து வந்தால் எங்கள் மாணவர் எது தகடு, எது துகள் என்று தடுமாறுகிறார்கள். கதோட்டை அப்படியே விடுவதால் தமிழுக்கு ஒரு குறையும் வராது.

சட்டப் பகுதியில் 'டூயல் யூஸ்' என்று வருமே? குடிமக்களுக்கும் படைக்கும் பயன்படும் பொருள்களை ஏற்றுமதி செய்வதை ஒழுங்குபடுத்த 1996-இல் வாசனார் உடன்பாடு வந்தது. இந்தியா 2017-இல் சேர்ந்தது. ஒளிபெருக்கிக் குழல்கள் அதன் பட்டியலில் உண்டு. 'இருபயன் பொருள்' என்று நான் எழுதுவது வழக்கம். ஏற்பீர்களா?

மடல் 6 | தமிழ்ப் பேராசிரியர்

இருபயன் பொருள் அழகு. அப்படியே கொள்க. கதோட்டில் எனக்கு உடன்பாடில்லை. ஒலி மட்டும் தமிழானால் போதாது, பொருளும் தமிழில் நிற்க வேண்டும். 'வாய்' என்று நாம் வைத்தபோது மின்னோட்டம் புகுகிற இடம், வெளியேறுகிற இடம் என்று மாணவன் மனத்தில் ஒரு படம் விழுகிறது. கதோட்டில் என்ன விழும்?

'சர்ப்ளஸ்' என்பதற்கு 'மிகை' என்ற சொல்லை எண்ணியிருக்கிறேன். அது பற்றி நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டார்: மிகைப்படுத்தல் என்பதால் மிகை பொய்யைக் குறிக்காதா என்று. குறிக்காது. 'மிகைநாடி மிக்க கொளல்' என்ற குறளில் மிகை என்றால் மேலோங்கி நிற்பது, அவ்வளவே. குணமும் குற்றமும் நாடி, மிகுந்தது எதுவென்று கண்டு கொள்ளச் சொல்கிறார் வள்ளுவர். பழைய சரக்கு வாங்குகிறவருக்கு அதைவிட நல்ல அறிவுரை இல்லை. ஆகவே தேவைக்கு மேற்பட்டது படைமிகை. பயன்படுத்தித் தள்ளியது படைக்கழிவு. உபரி வடசொல் என்பதால் மட்டும் நான் மறுக்கவில்லை. மிகையும் கழிவும் இணைச்சொற்களாக நின்று வேறுபாட்டைக் காட்டுகின்றன, உபரிக்கு அப்படி ஓர் இணை இல்லை.

கருவிப்பெயருக்கு அற்கண் கூடாது என்றால் கூகைக்கண் என்றாவது சொல்லுங்கள். 'பகல்வெல்லும் கூகையைக் காக்கை' என்று காலமறிதலில் படையின் பொழுதைச் சொல்ல வந்தவர் கூகையைத்தானே எடுத்தார்? இரவில் காண்பதற்கு அடையாளமாக ஈராயிரம் ஆண்டாக நம்மிடம் இருக்கும் பறவை அது.

மடல் 7 | இயற்பியல் ஆசிரியர்

கூகையின் கண் இருக்கிற ஒளியை நிறைய வாங்கிக்கொள்கிறது. இந்தக் கருவி வாங்கிய ஒளியை உருமாற்றிப் பெருக்குகிறது. இயங்குமுறை வேறு, ஆகவே கூகைக்கண் அறிவியலுக்குப் பொருந்தாது. ஆனால் அந்தக் குறள் வேறொரு வகையில் பொருந்துகிறது: பகலில் மூடியைக் கழற்றிக் கருவியை முடுக்கினால் குழல் கருகித் தழும்பாகிவிடும். காக்கை வென்றுவிடுகிறது. பகலில் சோதிக்க வேண்டுமானால் ஊசித்துளை இட்ட மூடியோடுதான்.

குழலைப் பற்றி. முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு மென்படலம். ஒளி பட்டதும் அது எலக்ட்ரானை உமிழும். மூன்றாம் தலைமுறையில் அந்தப் படலம் காலியம் ஆர்சனைடு. உமிழப்பட்ட எலக்ட்ரான் ஒரு தட்டுக்குள் நுழைகிறது. நாணய அளவுத் தட்டு. அதில் பத்து இலட்சக்கணக்கில் துளைகள், ஒவ்வொன்றும் 6 முதல் 10 மைக்ரான் விட்டம், சற்றே சாய்வாகத் துளைத்தவை. நேராக இருந்தால் எலக்ட்ரான் சுவரில் படாமல் போய்விடும். சாய்வினால் சுவரில் மோதுகிறது, மோதும்போதெல்லாம் மேலும் சில எலக்ட்ரான்களை உதிர்க்கிறது. ஒன்றாய் நுழைந்தது ஆயிரக்கணக்கில் வெளிவந்து பின்னால் உள்ள ஒளிர்திரையில் படமாகிறது. இரவுக்காட்சி பச்சையாக இருப்பது அந்தத் திரையில் பூசிய பொருளால். நம் கண் பச்சையை நன்றாக உணரும் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். இப்போது வெள்ளைத் திரையும் வருகிறது.

இந்தத் தட்டை 'நுண்குழல் தட்டு' என்று சிலர் எழுதுகிறார்கள். வெளிக்கூட்டையும் குழல் என்போம், துளையையும் குழல் என்போம் என்றால் மாணவன் என்ன செய்வான்? வெளியே ஒளிபெருக்கிக் குழல், உள்ளே நுண்துளைத் தட்டு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மடல் 8 | காட்டுயிர் ஆர்வலர்

நுண்துளைத் தட்டுக்கு என் ஆதரவு.

கடையில் சோதிக்கும்போது வேண்டிய சொற்களையும் இப்போதே முடித்துவிடுவோம். விற்பவர் வெளிச்சமான அறையில் கண்ணில் வைத்து 'பச்சையாகத் தெரிகிறதா' என்பார். பச்சை தெரிவது எதற்கும் சான்றாகாது. முழு இருட்டறை கேட்க வேண்டும். அங்கே மூடியோடு பார்த்தால் திரையில் தானாக எழும் மங்கல் வெளிச்சம் தெரியும்; அது அதிகமானால் குழல் முதுமை அடைந்துவிட்டது. இதை 'பின்புல ஒளிர்வு' எனலாமா? அசையாமல் நிற்கும் கரும்புள்ளிகள் ஒன்றிரண்டு இருந்தால் குற்றமில்லை, நடுவில் இருந்தால் விலை இறங்கும். தேன்கூட்டுக் கண்ணிபோல் ஓடும் மெல்லிய கோடுகளுக்கு 'வலைக்கோடு' என்று போடலாம். குறைந்த ஒளியில் படம் முழுதும் மணல் கொதிப்பதுபோல் துடிக்கும் அல்லவா, அதற்கு 'மினுமினுப்பு' போதும்.

'ஃபிகர் ஆஃப் மெரிட்' என்பதைத் 'தர எண்' என்றே எழுதுங்கள். ஒரு மில்லிமீட்டரில் பிரித்துக் காட்டும் கோட்டு இணைகளைக் குறிகை-இரைச்சல் விகிதத்தால் (படத்துக்கும் அதில் கலக்கும் மினுமினுப்புக்கும் உள்ள விகிதம்) பெருக்க வரும் எண். 64-ஐ 25-ஆல் பெருக்கினால் 1600. இந்த எண்ணும் குழலின் வரிசை எண்ணும் தாளில் சேர்ந்திருந்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

சட்டத்தைப் பற்றி ஈழத்து நண்பர் தொட்டார். அதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லுங்கள். அமெரிக்காவில் செய்த மூன்றாம் தலைமுறைக் குழலை அங்கே முறைப்படி வாங்கியிருந்தாலும் அந்நாட்டு அரசின் ஏற்றுமதி உரிமம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம். கைப்பையில் ஒன்றே ஒன்று என்றாலும் குற்றம்தான். 2007-இல் ஐடிடி என்ற பெரிய நிறுவனமே இரவுநோக்கித் தொழில்நுட்பத் தகவல்களை உரிமமின்றி வெளிநாட்டுக்குத் தந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. தனி ஆளை விட்டுவிடுவார்களா?

மடல் 9 | ஈழத்துப் பொறியியலாளர்

படைக்கழிவு என்ற சொல்லில் எனக்கு ஒரு நெருடல். கழிவு என்றால் எங்கள் காதில் குப்பையும் விழும், விலைத்தள்ளுபடியும் விழும். 'கழிவு விலை' என்று கடைகளில் எழுதுகிறோம். நன்றாக வேலை செய்யும் இரண்டாம் தலைமுறைக் கருவியைக் கழிவு என்று சொன்னால் வாங்குபவர் ஒதுக்கிவிடுவார். 'படையில் பாவித்தது' என்பதில் பழுது, பழுதில்லை என்ற தீர்ப்பே இல்லை. உள்ளதைச் சொல்கிறது.

மடல் 10 | மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும், ஆகவே எடுத்த முடிவைச் சொல்கிறேன். பொதுப்பெயர் இரவுநோக்கி. நால்வரில் மூவர் இதற்கு இசைகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உள்ளே ஒளிபெருக்கிக் குழல், நுண்துளைத் தட்டு, ஒளிர்திரை. எலக்ட்ரான், கதோட்டு இரண்டையும் முதல் முறை வரும் இடத்தில் எதிர்மின்னி, எதிர்மின்வாய் என்பவற்றோடு சேர்த்து எழுதுகிறேன். பின்புல ஒளிர்வு, வலைக்கோடு, தர எண், இருபயன் பொருள் அனைத்தும் உள்ளபடியே.

பெட்டி பிரிக்காதது படைமிகை. இரண்டாவதுக்குக் கழிவும் வேண்டாம், பாவித்ததும் எல்லா ஊருக்கும் பழக்கமில்லை; 'படையில் பயன்படுத்தியது' என்று நீட்டியே எழுதிவிடுகிறேன். கலைச்சொல்லாக இறுகவில்லைதான். ஆனால் வாங்குபவர் விற்பவரிடம் அப்படியே கேட்கக்கூடிய சொல் அது. குழல் மட்டும் கழற்றிப் போட்டதற்கு 'மாற்றுக்குழல் கருவி' என்கிறேன், மறுப்பிருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

மடல் 11 | தமிழ்ப் பேராசிரியர்

அவசரத்தில் எடுத்த முடிவு என்பதால் மறுப்பைப் பதிவு மட்டும் செய்கிறேன். 'படையில் பயன்படுத்தியது' என்பது விளக்கம், பெயரன்று. அட்டவணையில் அகரவரிசைப்படி வைக்க முடியாது, அதிலிருந்து அடுத்த சொல் பிறக்காது. படைமிகைக்கு நேராகப் 'படைக்கழி' என்றாவது வையுங்கள். கழிவு என்றால் வரும் குப்பை வாடை அதில் இல்லை, 'கழிபொருள்' என்றும் விரியும். மாற்றுக்குழல் கருவி சரி.

அல், எல் குறித்த தனி மடல் தயாராகிறது. அல்குல் என்ற சொல்லையும் இந்த வேரோடு பொருத்த முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிகண்டு வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.