ஆங்கிலத்தில் கடந்த காலத்தைச் சொல்ல ‘ஹேட்’ (had) எப்போது தேவை?

கேள்வி (மாணவி, பென்னாகரம்):
வணக்கம். ‘வென்ட்’ என்றாலே செயல் முடிந்துவிட்டது என்று புரியும்போது, ‘ஹேட் கான்’ என்று எழுதுவது எதற்காக? பழைய வழக்கத்தைச் சொல்லும்போது ‘யூஸ்டு டு’, ‘வுட்’ இரண்டையும் மாற்றி மாற்றி எழுதலாமா?

பதில் (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், கிருஷ்ணகிரி):
நம் ஊர் வரலாற்றையே பாரம்மா. 1965 முதல் தருமபுரி மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரி, 2004இல் தனி மாவட்டமானது. ‘கிருஷ்ணகிரி பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 2004, அன்டில் தென், இட் ஹேட் பீன் பார்ட் ஆஃப் தருமபுரி’ என்று எழுதும்போது, இறந்தகாலச் செய்திகள் இரண்டில் எது முந்தியது என்பதை ‘ஹேட்’ காட்டிவிடுகிறது. நடந்த வரிசையிலேயே சொல்லிச் சென்றால் அது பெரும்பாலும் தேவைப்படாது. ‘ஐ ஹேட் கான் டு ஒகேனக்கல் எஸ்டர்டே’ என்று முன்பின் தொடர்பின்றி எழுதுவது நம் பக்கத்தில் மிகப் பரவலாக இருப்பது எனக்கு வருத்தமே. அங்கே ‘வென்ட்’ போதும்.

பதில் (கல்லூரி விரிவுரையாளர், தருமபுரி):
இரண்டாம் கேள்விக்கு: திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு இரண்டும் பொருந்தும், ஆனால் நிலையைக் குறிக்க ‘வுட்’ வராது. ‘வி வுட் ஸ்விம் இன் தி ரிவர் எவ்ரி சண்டே’ சரி. மாந்தோப்பு முன்பு சொந்தமாக இருந்ததைச் சொல்ல, ‘வி யூஸ்டு டு ஓன் எ மேங்கோ குரோவ்’ என்றுதான் எழுத வேண்டும்.

மாணவி:
மிக்க நன்றி. ‘டிட் நாட்’ வந்தால் ‘வென்ட்’ எழுதலாமா?

பதில் (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்):
கூடாதம்மா. காலத்தை ‘டிட்’ ஏற்றுக்கொண்டுவிட்டதால், ‘டிட் நாட் கோ’ என வினையின் மூலவடிவமே வரும்.