மடக்கு ஏணியின் கீல் விட்டு அடிபட்டால், விற்ற கடை பொறுப்பா?

கேள்வி:
அலுமினிய மடக்கு ஏணி, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கீலில் ரிவிட் தெறித்து, மேலே நின்றவர் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. வாங்கியவர் அண்ணன், விழுந்தவர் தம்பி. "விற்றதோடு சரி, கம்பெனியைப் பிடியுங்கள்" என்கிறது கடை. லேபிளில் பிராண்டு பெயர் மட்டும்தான் இருக்கிறது, முகவரி இல்லை. கடை மேல் வழக்குப் போட முடியுமா? முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1:
போடலாம். எந்த வழியில் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

பழைய வழி விற்பனை ஒப்பந்தம். பொருள் தரமாக, பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்கும் என்ற உறுதியைச் சட்டமே விற்பவர் தலையில் வைக்கிறது. அவர் கவனமாக இருந்தாரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. 1938இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு: லெமனேட் பாட்டிலுக்குள் கார்பாலிக் அமிலம், குடித்த கணவன் மனைவி இருவருக்கும் பாதிப்பு. மூடிய பாட்டிலை விற்ற பெண்மணிக்கு அது தெரிய வழியே இல்லை; ஆனாலும் வாங்கிய கணவனுக்கு இழப்பீடு தர வேண்டியதாயிற்று. மனைவி வாங்கியவர் இல்லையே, ஒப்பந்த வழி அவருக்குக் கிடையாது. தயாரிப்பாளரின் கவனக்குறைவும் நிரூபணமாகாததால் வெறுங்கையோடு போனார். அண்ணன் வாங்கித் தம்பி விழுந்த விஷயத்திலும் இதுதான் இடிக்கும்.

அந்த ஓட்டையை அடைப்பவை பொருள் பொறுப்புச் சட்டங்கள், அதாவது குறையுள்ள பொருளால் காயம் பட்டவர், தானே வாங்காவிட்டாலும், இழப்பீடு கேட்க வழி தருபவை. 1964இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் சில்லறை விற்பனையாளரும் பொறுப்பே என்றது. (பின்னாளில் பல அமெரிக்க மாநிலங்கள் தவறு செய்யாத கடைக்கு விலக்கு கொடுத்துவிட்டன.) பிரிட்டனின் 1987 சட்டத்தில், தயாரித்தது யார் என்று கேட்டும் நியாயமான காலத்துக்குள் தயாரிப்பாளரையோ தனக்குச் சரக்குக் கொடுத்தவரையோ சொல்லாத கடை மாட்டிக்கொள்ளும். இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 86: தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவரிடம் நோட்டீஸைக் கொண்டுசேர்க்க முடியாவிட்டாலோ விற்றவரே பொறுப்பு. பொருளைக் கடை மாற்றியமைத்து அதனால் காயம் நேர்ந்தாலும், தனியாக உத்தரவாதம் கொடுத்து அது பொய்த்தாலும், பொருத்துவதிலோ சோதிப்பதிலோ அசட்டையாக இருந்தாலும், எச்சரிக்கைக் குறிப்பைக் கைமாற்றாமல் விட்டாலும் அப்படியே. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் அங்கே நுகர்வோர்தான். லேபிளில் முகவரி இல்லாதது கடைக்குத்தான் பாதகம்.

பதில் 2:
சட்டம் இருக்கட்டும், ஏணி எங்கே இருக்கிறது? "கொண்டு வாருங்கள், புதுசு தருகிறோம்" என்று கடை கூப்பிடும். கொடுத்துவிட்டால் வழக்கின் உயிரே போயிற்று.

தெறித்த ரிவிட் தலையைத் தேடி எடுத்து, தனி உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். உடைந்த இரண்டு முகங்களையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், கண்டிப்பாகக் கூடாது. ரிவிட் நாள்பட்ட விரிசலால் போனதா, ஒரே அடியில் அதிக எடையால் போனதா என்பதை அந்த முகத்தின் கோடுகளும் மேடுபள்ளங்களும்தான் சொல்லும். உரசினால் அழிந்துவிடும். துடைக்கவோ எண்ணெய் போடவோ வேண்டாம், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஸ்கேலை அருகில் வைத்துக் கீல், எடை வரம்பு லேபிள், பேட்ச் எண் எல்லாவற்றையும் படமெடுங்கள்.

தனியாகச் சோதனைக்குக் கொடுத்து அறுக்க விடாதீர்கள், எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். இந்தியாவில் நுகர்வோர் ஆணையமே சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும் (2019 சட்டத்தின் பிரிவு 38, அறிக்கைக்கு 45 நாள்).

மருத்துவமனையின் முதல் பதிவையும் பாருங்கள். "தவறி விழுந்தார்" என்று இருந்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள். கீல் உடைந்ததால் விழுந்ததாகச் சொல்லியிருந்தால் அப்படியே பதியக் கேளுங்கள்.

கேட்டவர்:
ஏணி பத்திரமாக இருக்கிறது. கடை என்ன வாதம் வைக்கும்?

பதில் 3:
தவறான பயன்பாடு, பொருளை மாற்றியது, இந்த இரண்டும்தான் வழக்கமாக வரும். விழுந்தவரின் எடையோடு கையிலிருந்த கருவிகளின் எடையையும் கூட்டி லேபிள் வரம்போடு ஒப்பிட்டு வையுங்கள். ஏணி நின்ற தரை எப்படி, கீலின் பூட்டு முழுதாக விழுந்திருந்ததா என்பதையும் நேரில் கண்டவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள்.

தயாரிப்பாளர் பெயர், முகவரி, கடை சரக்கு எடுத்த பில் ஆகியவற்றைக் கேட்டு சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஆதாரம். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில் கையெழுத்துப் போட வேண்டாம்.

காலக்கெடு இந்தியாவில் 2 ஆண்டு, பிரிட்டனில் பொதுவாக 3. ஏணியின் விலையை வேறாகக் கேளுங்கள். பொருளுக்கே நேர்ந்த சேதம் பொருள் பொறுப்பில் வராது.