ஆத்தா வூட்டுச் சொந்தம்

(வாட்ஸப் குழு, 31 பேர். கவியும் விக்கியும் பெரியப்பாவின் பிள்ளைகள். செந்தில், ராசு - சரசுவின் மகன்.)

காலை 6.52

பெரியப்பா: சிஸ்டம் மறுக்கா நின்னுபோச்சு

பெரியப்பா: நேத்து ரவைக்கு 3 தடவை. இன்னிக்கு வெள்ளென 2

பெரியப்பா: பத்திரிகை லிஸ்டு பூரா அதுலதான் இருக்குது. அச்சாபீசுல நாளைக்குள்ள எத்தனைன்னு சொல்லோணும்

தங்கமணி அத்தை: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

விக்கி: போன வருசமே அதைத் தூக்கிப் போடுங்கன்னேன்

பெரியப்பா: உன்ற கல்யாணம்டா

அருண் மாமா: மாமா, நிக்குதுன்னா எப்படீங்க நிக்குது? நீலக் கலர்ல எழுத்து வந்துட்டு நிக்குதுங்களா, இல்ல பட்டுனு அணைஞ்சு போகுதுங்களா? ரெண்டும் ஒண்ணில்லைங்க. நீலமா வந்துச்சுன்னா விண்டோஸே ஏதோ தப்புன்னு பார்த்துத் தானா நிறுத்திக்குதுன்னு அர்த்தம். அப்ப ரேம், டிரைவர், ஹார்டு டிஸ்க்குன்னு தேடணும். ஒரு எழுத்தும் வராம பட்டுனு அணைஞ்சா சூடா இருக்கலாம், உள்ள கரண்டு குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டியா இருக்கலாம், கரண்டா இருக்கலாம். எதுன்னு சொன்னீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது

பெரியப்பா: ரெண்டும்

ராசு சித்தப்பா: 😂

கவிக்கா: சித்தப்பா சிரிக்காதீங்க

கவிக்கா: அப்பா, மாப்பிள்ளைக்கு அக்கான்னு நான் நிக்கற இணைச்சீருக்குப் புடவை ஈரோட்ல எடுக்கறமா, காஞ்சிபுரமே போயிடறமா? அத்தை ஈரோடுங்கறாங்க

தங்கமணி அத்தை: நான் அப்படிச் சொல்லல கண்ணு. உன்னிஷ்டம்னேன்

அருண் மாமா: மாமா, ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணுங்க. ஈவென்ட் வியூவர்னு இருக்கும். அதுல விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம். செவப்பு வட்டம் போட்டு என்ன நெம்பர் இருக்குதுன்னு பாருங்க

பெரியப்பா: 41. கெர்னல் பவர்

பெரியப்பா: 26 தடவை இருக்குது

அருண் மாமா: சரிங்க. 41ன்னா முறையா மூடாமயே அணைஞ்சு திரும்ப எந்திரிச்சுதுன்னு அர்த்தம். ஏன் அணைஞ்சுதுன்னு அது சொல்லாது

ராசு சித்தப்பா: அது எங்களுக்கே தெரியுமுங்களே மாப்ளை 🙏

தங்கமணி அத்தை: ஏண்ணா, ராசு தறி ஓடறப்பத்தான் நிக்குதோ? ஞாயித்துக்கிழமை நின்னுச்சா

பெரியப்பா: நிக்கல

அருண் மாமா: அத்தை சரியாப் புடிச்சீங்க! தறி மோட்டார் எடுக்கறப்ப வோல்டேஜ் எறங்கும். யூபிஎஸ் இருக்குதுங்களா மாமா?

பெரியப்பா: இருக்குது. பேட்டரி செத்து 2 வருசம் ஆச்சு. கீ கீன்னு கத்துச்சு, ஒயரைப் புடுங்கிட்டேன்

பெரியப்பா: ஞாயித்துக்கிழமை நான் சிஸ்டமே போடல

ராசு சித்தப்பா: 😂😂

ராசு சித்தப்பா: எல்லாத்துக்கும் என்ற தறிதானா

சரசு சித்தி: ஏங்க, சும்மா இருங்க

விக்கி: மொய் லிஸ்டும் அதுலதானே இருக்குது?

பெரியப்பா: 2009ல இருந்து. விருந்து, தெரட்டிச் சீர், வூடு பால் காய்ச்சுனது, எல்லாம்

விக்கி: பழைய நோட்டு?

பெரியப்பா: கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னு உங்கம்மா பேப்பர்காரனுக்குப் போட்டுட்டா

ராசு சித்தப்பா: அப்ப யாரு எவ்வளவு வெச்சாங்கன்னு யாருக்குமே தெரியாதுங்களா அண்ணா

ராசு சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

காலை 9.20

செந்தில்: பெரியப்பா, நான் வந்து பாக்கறனுங்க. தறில பாவு நூலு ஏத்திட்டு வர்றேன்

அருண் மாமா: செந்தில், பிளக்கைப் புடுங்கிட்டுத்தான் தொறக்கணும். ப்ராசஸர் மேல இருக்கற அலுமினியக் கட்டியக் கழட்டீராதே. அடியில பேஸ்ட் இருக்கும், அது விட்டுருச்சுன்னா புதுசா வெக்காம மூடக்கூடாது. கம்ப்ரசர்ல அடிச்சா ஃபேனை வெரல்ல புடிச்சுக்க, சுத்த உடாதே. கம்ப்ரசர் காத்துல தண்ணி இருக்கும், முதல்ல வெளியில ரெண்டு தடவை அடிச்சுட்டு...

செந்தில்: சரிங்க மாமா

அருண் மாமா: குரல் பதிவு 3:12

கவிக்கா: யாரு கேக்கறது இதை 😄

காலை 10.45

செந்தில்: (படம்)

செந்தில்: (படம்)

செந்தில்: மாமா, இது தூசி இல்லீங்க. பஞ்சு. ஃபேனுக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல மெத்தையாட்டம் அடைச்சுக் கெடக்குது. நகத்துல ஒரு மூலையப் புடிச்சு இழுத்தேன், ஒட்டுக்கா ஒரே துண்டா வந்துருச்சு. ஃபேன் சுத்துன வட்டம் அதுல அச்சாப் பதிஞ்சிருக்குது

செந்தில்: மேல வெள்ளை. நடுவால பச்சை. அடில செவப்பு

விக்கி: டேய் அது உங்க தறி நூலுடா

செந்தில்: ஆமா. செவப்பு போன தீவாளிக்கு ஓட்டுன பெட்சீட். பச்சை ஆடிக்கு

பெரியப்பா: சன்னலுக்கு நேரா தறி போடாதேன்னு அன்னிக்கே சொன்னேன்

ராசு சித்தப்பா: அண்ணா, பாகம் பிரிச்சு அந்த எடத்தை எனக்குக் குடுத்தது நீங்கதானுங்க

தங்கமணி அத்தை: கல்யாண வூட்ல அந்தப் பேச்சு வேண்டாம்

பெரியப்பா: நான் சன்னலைத்தான் சொன்னேன்

அருண் மாமா: மாமா, காத்து போக வழியில்லாம ப்ராசஸர் கொதிச்சிருக்குதுங்க. 100 டிகிரி கிட்டப் போனா கருகிப் போகாம இருக்கத் தானா அணைஞ்சுக்கும். பட்டுனு அணையறதுக்குக் காரணம் இது. நீலமா வர்றது வேற, அதை அப்பறம் பாப்போம். பஞ்சு எடுத்தாச்சுன்னு வேற எதையும் ரிப்பேர் பண்ண வேண்டாம், முதல்ல லிஸ்டை வெளியில எடுங்க

பெரியப்பா: ஓடுது

பெரியப்பா: சத்தமே இல்ல

சரசு சித்தி: சமையலுக்கு யாருக்குச் சொல்லியிருக்கீங்க மாமா? பெருந்துறைக்காரங்களா?

பெரியப்பா: இன்னும் பேசல

சரசு சித்தி: தை முகூர்த்தத்துக்கு இப்பவே சொல்லாட்டிக் கிடைக்க மாட்டாங்க

காலை 11.38

பெரியப்பா: நீலமா வந்துருச்சு. மெமரி மேனேஜ்மென்ட்னு போட்டிருக்குது

அருண் மாமா: அது பெரும்பாலும் ரேமாத்தான் இருக்குமுங்க. செந்தில், ரெண்டு குச்சி இருக்குமே, ரெண்டையும் எடு. அடியில தங்கக் கலர் பல்லு இருக்கும், அதை அழி ரப்பர்ல லேசாத் தேய். ரப்பர்த் தூளு ஸ்லாட்ல உழக்கூடாது. ஒரு குச்சி மட்டும் போட்டு ஓட்டிப் பாரு, நின்னா அதை எடுத்துட்டு அடுத்ததைப் போடு

செந்தில்: பாப்பா ரப்பர். மாம்பழ வாசம் வருது 😄

செந்தில்: முதக் குச்சி போட்டா பீப் பீப். ரெண்டாவது மட்டும் போட்டா ஓடுது

அருண் மாமா: அப்ப முதக் குச்சியோ, அது இருந்த ஸ்லாட்டோ. அது நாளைக்கு. 4 ஜிபிலயே ஓடட்டும், எக்செல்தானே. பென் டிரைவ்ல காப்பி பண்ணுங்க

பெரியப்பா: பென் டிரைவ் ராசுகிட்ட இருக்குது

ராசு சித்தப்பா: என்கிட்ட இல்லீங்களே

பெரியப்பா: சாமி பாட்டு ஏத்தறேன்னு வாங்கிட்டுப் போனே

அருண் மாமா: மாமா, 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திட்டாங்க. இந்தச் சிஸ்டத்துல 11 ஏறாது, டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப் கேக்கும். கல்யாணம் முடிஞ்சு புதுசு ஒண்ணு...

பெரியப்பா: கல்யாணம் முடியட்டும் மாப்ளை

செந்தில்: பென் டிரைவுக்குக் காத்திருந்தா மறுக்கா நின்னுரும். நான் ஸ்கிரீனைப் போன்ல போட்டோ எடுத்து இங்கயே போட்டுர்றேன். 612 வரி

விக்கி: இங்கயா? டேய் தனியா எனக்கு அனுப்பு

செந்தில்: (படம்)

செந்தில்: (படம்)

செந்தில்: (படம்)

மதியம் 12.14

சரசு சித்தி: மாமா, 3வது போட்டோவுல கடைசிக் கட்டம் என்னுங்க? ‘குறிப்பு’ன்னு இருக்குதே

கவிக்கா: ஐயோ

சரசு சித்தி: எங்க பேருக்கு நேரா ‘501. சாப்பிடாமப் போயிட்டாங்க’ன்னு எழுதியிருக்குது

ராசு சித்தப்பா: கவி கல்யாணத்துக்குங்களா

விக்கி: செந்திலு அந்தப் போட்டோவ எடுத்துரு

சரசு சித்தி: அன்னிக்கு பந்தியில எடமில்லாம ஒரு மணி நேரம் நின்னோமுங்க மாமா. செந்திலுக்கு அப்ப காய்ச்சல். வந்து உக்காருங்கன்னு ஒருத்தரும் கூப்பிடல

பெரியப்பா: அது கணக்குக்காக எழுதுனது சரசு

சரசு சித்தி: கணக்குல இதெல்லாம் வருமுங்களா

அருண் மாமா: செந்தில், இன்னும் எத்தனை வரி பாக்கி?

செந்தில்: 540

செந்தில்: கரண்டு போயிருச்சு

தங்கமணி அத்தை: சரசு, உடு. எனக்கு ‘தாம்பாளம் திரும்ப வரல’ன்னு எழுதியிருக்குது. 2012ல. அது என்ற தாம்பாளம்

பெரியப்பா: தாம்பாளம் உன்றதா

மதியம் 1.05

பெரியப்பா: கரண்டு வந்துருச்சு. செந்திலக் காணோம்

செந்தில்: அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. பொழுதோட வர்றனுங்க

பெரியப்பா: நானே போடட்டுமா? எந்தக் குச்சி வெச்சுட்டுப் போனே

அருண் மாமா: வேண்டாங்க மாமா, செந்தில் வரட்டும்

பெரியப்பா: சரசு, நாளைக்கு மத்தியானம் அல்லாரும் இங்க சாப்பிட வாங்க. அச்சாபீசுக்குக் குத்துமதிப்பா 700ன்னு சொல்லிப் போடறேன்

ராசு சித்தப்பா: சரிங்க அண்ணா. பாப்போம்

தங்கமணி அத்தை: அண்ணா, எங்கூட்டுக்காரர் பேரு 37லயும் இருக்குது, 38லயும் இருக்குது. எங்களுக்கு ரெண்டு பத்திரிகையா?