முதலாம் வருடத்தில் "ஊடகமும் சமூகமும்": எங்கட பிள்ளைகளுக்கு இது என்னத்துக்கு?

புதுக்குடியிருப்பான்:
தங்கை கலைப்பீடத்தில் முதலாம் வருடம், ஊடகத்தையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். லீவுக்கு வந்தபோது அவளுடைய கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். லாஸ்வெல் 1948, லாசர்ஸ்ஃபெல்ட் 1944, மக்கோம்ஸ் 1972 என்று பக்கம் பக்கமாக ஊடக ஆய்வாளர்களின் பேரும் ஆண்டும்தான். 1940 இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் எவன் எவனைக் கேட்டு வாக்குப் போட்டான் என்பதைப் பாடமாக்கி முல்லைத்தீவுப் பிள்ளை என்ன செய்யப் போகிறது? கமரா பிடிக்க, எடிற் பண்ண, ஒரு செய்தியை ஒழுங்காக எழுதப் பழக்கினால் வெளியில் வந்து பிழைக்கலாம். இந்தப் பாடத்தால் உண்மையில் பிரயோசனம் கண்ட ஆள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், கடுப்பில்தான் கேட்கிறேன்.

பரந்தன் கமரா:
நூறு வீதம் உடன்படுகிறேன். நான் கம்பஸ் பக்கமே போகவில்லை. கலியாணவீடு, சாமத்தியவீடு என்று எடுத்து எடுத்துப் பழகியவன். ஊடகம் படித்து முடித்த பெடியள் என்னிடம் வந்து வெளிச்சம் எப்படி வைப்பது என்று கேட்கிறார்கள். ஊடகக் கோட்பாடு எழுதிய மக்லூகனைப் பற்றிக் கேட்டால் மட்டும் அரை மணித்தியாலம் கதைப்பார்கள்.

நெடுங்கேணி ரீச்சர்:
தம்பி புதுக்குடியிருப்பான், ஒஹாயோ என்றதும் உங்களுக்குக் கோபம் வருகிறது, சரி. ஆனால் அந்த ஆய்வு என்ன சொன்னது என்று தங்கையிடம் கேட்டீர்களா? லாசர்ஸ்ஃபெல்ட் ஆட்கள் 1940 தேர்தலின்போது எரி என்ற கவுண்டியில் (எங்கட மாவட்டம் மாதிரி) மே மாதம் தொடங்கி நவம்பர் வரை அதே ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்கள். வானொலியும் பத்திரிகையும் சனத்தின் மனத்தை மாற்றும் என்று பார்க்கப் போனவர்களுக்குக் கிடைத்த பதில் வேறு. பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர், "அந்தாளுக்கு விஷயம் தெரியும்" என்று ஊர் நம்பும் ஒருவர், இவர்களின் சொல்லைத்தான் சனம் கூடுதலாகக் கேட்டது. ஊடகத்திலிருந்து அந்த ஆளுக்கு, அந்த ஆளிடமிருந்து மற்றவர்களுக்கு என்று இரண்டு படியில் செய்தி போகிறது என்றார்கள்.

இப்போது தொண்ணூறுகளின் வன்னியை நினைத்துப் பாருங்கள். கரண்ட் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ஓடும் வானொலியில் பிபிசி தமிழோசையும் மணிலாவில் இருந்து வரும் வெரித்தாஸ் வானொலியும் கேட்டார்கள். எல்லா வீட்டிலும் அது இல்லை. கேட்ட ஒருவர் சந்திக்கடையில் வந்து சொல்வார், சொல்லும்போதே தன் விளக்கத்தையும் சேர்த்துச் சொல்வார், ஊர் அதை வைத்துத்தான் நாளைக்கு இங்கே இருப்பதா வெளிக்கிடுவதா என்று தீர்மானிக்கும். ஒஹாயோவைப் பாடமாக்க வைத்துவிட்டு இதைக் கேட்காமல் விட்டால் அது படிப்பிப்பவரின் குறை, பாடத்தின் குறை அல்ல.

புதுக்குடியிருப்பான்:
ரீச்சர், நீங்கள் சொன்ன இதை எங்கள் அம்மம்மா ஒரு புத்தகமும் படிக்காமலே சொல்லுவா. யார் சொன்னால் நம்பலாம், யார் கூட்டிக் குறைத்துச் சொல்வார் என்று அவவுக்குத் தெரியும், அதை வைத்துத்தான் எங்களை இழுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தவ. தெரிந்த விஷயத்துக்கு அமெரிக்கக்காரனின் பேரை ஒட்டிப் பரீட்சை வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய நிருபர்:
அம்மம்மாவுக்குத் தெரியாத பக்கம் ஒன்றும் இருக்கிறது தம்பி. செய்தி எப்படி வருகிறது என்பது அவவுக்குத் தெரியும், எது ஏன் வராமல் போகிறது என்பது தெரியாது. நான் கனகாலம் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குப் பிரதேச நிருபராக இருந்தவன், பேர் வேண்டாம். 2017 இல் கேப்பாப்பிலவு சனம் படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு வீதியில் குந்தியிருந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் கிழமை நான் அனுப்பியதெல்லாம் போனது. பிறகு நாலு வரிப் பெட்டிச் செய்தி. பிறகு நூறாவது நாள், ஒரு வருடம் என்று கணக்கு வந்தால் மட்டும் படத்தோடு போடுவார்கள். இடையில் இருந்த நாட்களில் அந்தத் தாய்மார் வெயிலில் இருக்கவில்லையா?

1950 இல் வைற் என்ற ஒருவர் அமெரிக்காவில் ஒரு சின்னப் பத்திரிகையின் ஆசிரியர் மேசையில் ஒரு கிழமை வந்த ஏஜென்சிச் செய்திகளையும், ஒவ்வொன்றையும் ஏன் போடவில்லை என்று அந்த ஆசிரியர் எழுதிவைத்த காரணத்தையும் எடுத்துப் பார்த்தார். பத்தில் ஒன்பது பங்கு குப்பைக்குள் போயிருந்தது. "இடமில்லை" என்பதும் உண்டு, "இது வெறும் பிரசாரம்" என்று தன் மனத்தில் பட்டதை எழுதியதும் உண்டு. வாயிற்காப்போன் என்று குறிப்பில் ஒரு வரியாக இருக்கும் விஷயம் இதுதான். மக்கோம்சும் ஷோவும் 1968 அமெரிக்கத் தேர்தலில் சப்பல் ஹில் என்ற ஊரில் யாருக்குப் போடுவது என்று முடிவெடுக்காத 100 பேரிடம் கேட்டார்கள். பத்திரிகையும் ரீவியும் எதைப் பெரிதாகப் போட்டனவோ அதைத்தான் அவர்களும் நாட்டின் பெரிய பிரச்சினை என்றார்கள். கேப்பாப்பிலவு நாலு வரிக்குச் சுருங்கினால் தெற்கில் ஒருவருக்கு அது எத்தனையாவது பிரச்சினை என்று நீங்களே யோசியுங்கள்.

மல்லாவியாள்:
நான் இப்போது அதே பாடத்தைப் படிக்கிறேன். கோட்பாடு எங்களுக்குப் பொருந்துகிறது என்று ரீச்சரும் ஐயாவும் காட்டுகிறீர்கள். பொருந்தாத இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நொயெல் நொய்மான் என்ற ஜெர்மன்காரி 1974 இல் மௌனச் சுருள் என்று ஒன்று சொன்னார். தன் கருத்து சிறுபான்மை என்று உணர்பவர் தனித்துப் போய்விடுவோம் என்ற பயத்தில் வாயை மூடுவார், அதனால் அந்தக் கருத்து இன்னும் சின்னதாகத் தெரியும் என்பதுதான் விஷயம். நான் விரிவுரையில் எழும்பிக் கேட்டேன், எங்கள் வீட்டில் ஆட்கள் வாயை மூடியது தனித்துப் போவோம் என்று இல்லையே, அதன் பயம் வேறு, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் அதே கருத்தோடுதான் இருந்தார்கள், ஆனாலும் ஒருவரும் கதைக்கவில்லை, இதைச் சுருளின் எந்த இடத்தில் வைப்பது என்று. "குறிப்பில் உள்ளதை எழுதுங்கோ பிள்ளை" என்று பதில் வந்தது. அந்த அம்மையாரே ஹிட்லரின் பிரசார அமைச்சர் கெபெல்ஸ் தொடங்கிய வார இதழில் எழுதியவர் என்பதை நான் தேடித்தான் கண்டுபிடித்தேன். மௌனத்தைப் பற்றி எழுதியவர் எங்கே நின்றார் என்பதைக் குறிப்பில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

புதுக்குடியிருப்பான்:
பாருங்கள், படிக்கும் பிள்ளையே சொல்கிறது. "குறிப்பில் உள்ளதை எழுது." இதற்குத்தான் மூன்று வருடமா?

பரந்தன் கமரா:
முடிந்து வந்து எல்லாரும் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலைக்குத்தான் விண்ணப்பம் போடுகிறார்கள். திரும்பவும் சொல்கிறேன், கையில் தொழில் வேண்டும்.

நெடுங்கேணி ரீச்சர்:
கமராத் தம்பி, தொழில் என்று வந்ததால் கேட்கிறேன். யூரியூப்காரர் வன்னியில் வீடு வீடாகப் போய் எடுக்கும் உதவி வீடியோக்களைப் பார்க்கிறீர்கள்தானே. கணவன் இல்லாத ஒரு பெண், ஓலைக் குடிசை, பின்னால் சோக இசை. "சாப்பிட்டீங்களா அக்கா" என்று கேட்டு அழுமட்டும் கமரா முகத்திலேயே நிற்கும். பிள்ளையின் முகம், பள்ளிக்கூடப் பேர், எல்லாம் தெரியும். அந்தப் பிள்ளை நாளைக்கு என்னுடைய வகுப்பில் வந்து இருக்கிறது, மற்றப் பிள்ளைகளின் போனில் அந்த வீடியோ இருக்கிறது. எடுத்தவருக்குக் கமரா வேலை நன்றாகவே தெரியும். எங்கே நிறுத்துவது என்று ஒருவரும் பழக்கவில்லை.

பரந்தன் கமரா:
அந்த வீடியோவைப் பார்த்துத்தான் கனடாவில் இருந்து காசு வந்து அந்த அக்காவுக்குக் கல்வீடு எழும்பியது ரீச்சர். முகத்தை மறைத்துப் போட்டிருந்தால் ஒருவரும் நம்பிக் காசு அனுப்பமாட்டார்கள், நானே போட்டுப் பார்த்தேன், வரவில்லை. பசித்த வீட்டுக்குப் போய் ஒழுக்கம் கதைக்க எனக்கு வாய் வராது.

மல்லாவியாள்:
அண்ணை, வீடு வந்தது நல்லது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உதவி கிடைக்க அழ வேண்டும் என்று ஆகிவிட்டதே, அழாதவர்களின் வீட்டுக்கு யார் போகிறார்கள்? கண்ணீர் கூடினால் பார்வை கூடும், பார்வை கூடினால் விளம்பரக் காசு. விளம்பரம்தான் ஊடகத்துக்குள் எது வரலாம் என்று வடிகட்டுகிறது என்று ஹேர்மனும் சொம்ஸ்கியும் 1988 இல் பெரிய அமெரிக்கப் பத்திரிகைகளைப் பற்றி எழுதினார்கள். ஒரு போனும் ஒரு குடிசையும் இருந்தாலே அதே வடிகட்டல் நடக்கும் என்று வன்னியில் இருந்து எழுத எங்களால் முடியும்.

புதுக்குடியிருப்பான்:
அப்படியென்றால் அதைப் பாடத்தில் போடுங்கள் என்றுதானே நானும் கத்துகிறேன்! அவளுடைய கொப்பியில் யூரியூப் என்ற பேச்சே இல்லை. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தோடும் 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்போடும் அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியதே, அது இல்லை. 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இல்லை. ஆனால் 1938 இல் ஓர்சன் வெல்ஸ் செவ்வாய்க்கிரகத்தார் வந்துவிட்டார்கள் என்று வானொலி நாடகம் போட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது என்று ஒன்றரைப் பக்கம்.

பழைய நிருபர்:
அமெரிக்கா முழுக்க ஓடவில்லை தம்பி. சிலர் பயந்தது உண்மை, அடுத்த நாள் பத்திரிகைகள்தான் அதை ஊதிப் பெருப்பித்தன. விளம்பரத்தை வானொலி பிடுங்கிக்கொண்டிருந்த காலம், வானொலி நம்பத் தகாதது என்று காட்டப் பத்திரிகைகளுக்கு வசதியாகப் போனது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊடகம் சொல்வது ஊசி மருந்து போல சனத்துக்குள் நேரே ஏறிவிடும் என்பதற்குச் சாட்சியாக அந்தக் கதையை இன்னும் படிப்பித்தால் அது பிழை. தங்கையின் ஒப்படை என்ன தலைப்பு?

புதுக்குடியிருப்பான்:
"வெகுசன ஊடகங்களின் தாக்கம்." செவ்வாய்க்கிரகத்தைத்தான் எழுதப் போகிறாள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

பழைய நிருபர்:
அம்மம்மா வீட்டிலேயே இருக்கிறாதானே. டைனமோக் காலத்தில் யாரிடம் செய்தி கேட்டவ, இப்போது போனில் வருவதில் யார் அனுப்பினால் நம்புகிறா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதே ஒழுங்கையில் இன்னும் சில வீட்டுக்கும் போகட்டும். கமரா வேண்டாம், கொப்பி போதும்.

புதுக்குடியிருப்பான்:
அம்மம்மாவை மேற்கோளாகப் போட்டு மார்க்ஸ் குறைந்தால் நீங்கள் எல்லாரும்தான் பொறுப்பு.

நெடுங்கேணி ரீச்சர்:
வியாழனுக்கு முதல் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துத் தருகிறேன். லாசர்ஸ்ஃபெல்ட், 1944 என்று ஒரு இடத்தில் கட்டாயம் எழுதட்டும். திருத்துகிறவர் அதைத்தான் தேடுவார்.