சேலத்தில் இருந்துகொண்டே எஸ்இஓ வேலையில் நிலைக்க முடியுமா?

அம்மாபேட்டைக்காரன்:
பி.காம் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி எஸ்இஓ (கூகுள் தேடலில் ஒரு தளத்தை முன்னே வரவைக்கும் வேலை) படித்தேன், மூன்று மாதமும் ஸ்லைடு காட்டியதோடு சரி, ஒரு தளத்தைக்கூடத் தொட விடவில்லை. பெங்களூரு போகாமல் இங்கேயே வேலை கிடைக்குமா, இல்லை வீட்டில் சொல்வதுபோல வங்கித் தேர்வுக்கே உட்காரட்டுமா?

கொண்டை ஊசி 20:
சான்றிதழை ஓரமாக வையுங்கள் தம்பி. ஏற்காட்டில் சித்தப்பாவின் விடுதித் தளத்தில்தான் நான் தொழில் கற்றேன். கூகுளில் அது வரவே இல்லை; நிரலைத் திறந்து பார்த்தால், தளம் கட்டியவர் சோதனைக்காகப் போட்ட, 'தேடலில் காட்டாதே' என்று கூகுளுக்குச் சொல்லும் நோஇண்டெக்ஸ் வரி அப்படியே கிடக்கிறது! அதை எடுத்துவிட்டு, தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்) கொடுத்து, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு இருந்ததை மாற்றி, கார் நிறுத்த இடம் உண்டா, ஏரிக்கு எவ்வளவு தூரம் என்று ஆட்கள் போனில் கேட்பதையெல்லாம் எழுதி வைத்தேன். சர்ச் கன்சோல் இலவசம், 16 மாதத் தரவு வரை காட்டும். அந்தத் தரவின் ஸ்கிரீன்ஷாட்தான் நேர்காணலில் எனக்காகப் பேசியது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். 'ஒரே மாதத்தில் முதலிடம்' என்று வந்தவரிடம் ஏமாந்தோம், அவர் மற்ற தளங்களில் காசுக்கு வாங்கிப்போட்ட இணைப்புகள் கூகுள் விதிக்கே விரோதம் என்று அப்புறம்தான் தெரிந்தது. கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரம் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் நேரம், படம், விலாசம் சரியாக வைக்கத் தெரிந்தவரை இங்கே கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். பெங்களூரு சம்பளம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அம்மாபேட்டைக்காரன்:
மாமாவின் ஜவ்வரிசி மில்லுக்கு ஒரு தளம் இருக்கிறது அண்ணா. இப்போதுதான் பார்த்தேன், தலைப்பில் வெறும் 'ஹோம்'. நாளைக்கே போய்க் கேட்கிறேன்.