ஊர்க் குடிநீர்க் குழாய்களின் கம்ப்யூட்டர் மாடலில் எந்தக் குழாயை விட்டுவிடலாம், எதை விட்டுவிடக்கூடாது?

வால்வுசாவி:
ஜி.ஐ.எஸ். வரைபடத்தில் இருக்கும் அத்தனை குழாயையும் ஈபாநெட் என்ற குழாய் மாடல் மென்பொருளில் கொட்டினால் கம்ப்யூட்டர் திணறாது. நாம்தான் திணறுவோம், ஒவ்வொரு குழாய்க்கும் விட்டம், சி மதிப்பு (உள்சுவர் எவ்வளவு வழவழப்பு என்பதைச் சொல்லும் எண்), வால்வு நிலை தெரிய வேண்டுமே. பம்ப் கரண்ட் செலவும் மேல்நிலைத் தொட்டி மட்டமும்தான் கேள்வி என்றால் பெரிய லைன்கள் போதும், தெருக் குழாய்களை எடுத்துவிடலாம். ஆனால் எடுத்த தெருவின் டிமாண்டை, அதாவது தண்ணீர்த் தேவையை, அது பிரியும் நோடில் (குழாய்கள் சேரும் புள்ளியில்) ஏற்ற வேண்டும். எடுப்பதற்கு முன்னும் பின்னும் மொத்த டிமாண்டைக் கூட்டிப் பாருங்கள். இடித்தால் எங்கோ ஒரு தெரு குழாயோடு சேர்ந்து காணாமல் போயிருக்கிறது.

முட்டுச்சந்து:
இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு 100 மி.மீ. லைனை ஒரே குழாயாக்கினால் விட்டம் என்ன? 200 என்று போடுபவர்களும் உண்டு, பரப்பைக் கூட்டி 141 போடுபவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. குழாயில் பிரஷர் இழப்பைக் கணக்கிடும் ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரப்படி விட்டத்தின் 2.63 அடுக்கைக் கூட்ட வேண்டும், 130 மி.மீ. வரும். பிரஷருக்கு அது கச்சிதம். குளோரினுக்கு அதே குழாய் பொய் சொல்லும். 130-க்குள் நிற்கும் தண்ணீர், இரண்டு 100-க்குள் நிற்பதைவிட 15% குறைவு. மாடலில் தண்ணீர் சீக்கிரம் வந்துவிடும், குளோரின் நிஜத்தைவிட அதிகமாகத் தெரியும்.

மறுமுனை எதிலும் சேராத முட்டுக் குழாய் இன்னும் மோசம். 300 மீட்டர் நீள 100 மி.மீ. லைனில் சுமார் 2,350 லிட்டர் நிற்கும். கடைசியில் நாலு வீடு, வீட்டுக்கு நாளுக்கு 500 லிட்டர் என்றால் ஓடுவது 2,000 லிட்டர்தான். அதாவது 28 மணி நேரப் பழைய தண்ணீர். அந்த லைனை வெட்டினால் பிரஷரில் ஒன்றும் தெரியாது, லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் எட்டாத வீடுகள் மட்டும் படத்திலிருந்தே மறைந்துவிடும்.

சம்ப்மூடி:
நம்மூரில் 24 மணி நேர சப்ளை எத்தனை இடத்தில் இருக்கிறது? இரண்டு மணி நேரம் தண்ணீர் விடும் ஊரில் எல்லா வீட்டு சம்ப்பும் ஒரே நேரத்தில் இழுக்கும். டிமாண்டை நிலையான எண்ணாகக் கொடுத்தால் மேட்டுத் தெருவில் மைனஸ் பிரஷர் காட்டும். ஈபாநெட் 2.2 பதிப்பில் வந்த, பிரஷரைப் பொறுத்து டிமாண்ட் மாறும் முறையைப் போடுங்கள். வீட்டுக்கு ஒரு சம்ப் வரைய வேண்டாம், தெருவுக்கு ஒன்று போதும். தெருவுக்குள்ளேயே மூன்று மீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தால் மட்டும் மேடு தனி, பள்ளம் தனி.

வால்வுசாவி:
சரிதான். மாடலை நேரில் அளந்த பிரஷரோடு சரிபார்க்கும்போது நடக்கும் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சி மதிப்பு 100 உள்ள 100 மி.மீ. லைனில் விநாடிக்கு 1 லிட்டர் ஓடினால் 100 மீட்டருக்கு இழப்பு நாலு சென்டிமீட்டர். பிரஷர் கேஜில் ஒரு கோடு சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோ, அதாவது ஒரு மீட்டர் தண்ணீர் உயரம். இதை வைத்து எந்த சி-யைக் கண்டுபிடிப்பது? வாஷ்அவுட்டை (லைனைக் கழுவி வெளியே விடும் வால்வை) திறந்து விநாடிக்கு 10 லிட்டர் ஓட விட்டால் இழப்பு மூன்று மீட்டர் ஆகும், கேஜில் தெரியும். உள்ளே சிமென்ட் பூச்சுள்ள டி.ஐ. (டக்டைல் இரும்பு) குழாய்க்கு அப்போதும் சி 40 என்று வந்தால் அதை மாடலில் எழுதாதீர்கள். சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பாதி மூடிக் கிடக்கும் வால்வைத் தேடுங்கள்.